பதிலுக்குக் காத்திருந்த கைகள்

என் கணவரின் கைகளைக் கட்டிலோடு கட்டி வைக்கச் சம்மதம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டவள் நான்தான். மகள் இல்லை, டாக்டர் இல்லை, நான். கோமளா என்று எழுதி, கீழே தேதியும் போட்டேன். முப்பது வருஷம் கப்பல் சரக்கு அலுவலகத்தில் பில் அடித்தவளுக்குக் கையெழுத்துக்குக் கீழே தேதி போடாமல் இருக்க வராது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது கொஞ்சம் எளிதாக இருக்கும்.

இப்போது மதியம் இரண்டரை மணி. அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். எழுந்தால் எனக்கு வேலை வந்துவிடும், அதற்குள் முடிந்தவரை எழுதுகிறேன். எங்கோ ஒருத்தி இதே காய்ச்சலோடு தன் வீட்டுக்காரரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவாள். நான் செய்ததை அவள் செய்யாமல் இருந்தால் போதும்.

என் கணவர் பெயர் தனசேகர். வயது அறுபத்திரண்டு. துறைமுகத்தில் சிக்னல்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலுக்குள் இருந்து சரக்கைத் தூக்கும் கிரேன்காரர் உயரத்தில் ஒரு கூண்டில் உட்கார்ந்திருப்பார். கீழே சரக்கறைக்குள் யார் நிற்கிறார்கள், சரக்கு எதில் இடிக்கப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. விளிம்பில் நின்று, பார்த்து, கையால் சொல்கிறவர் சிக்னல்மேன். தூக்கு, இறக்கு, மெதுவாக, நில். அந்த இரைச்சலில் வாயால் கத்தினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. முப்பத்து மூன்று வருஷம் குடும்பம் நடத்தியும், அவர் வேலை செய்து ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை. உள்ளே போகப் பாஸ் வேண்டும். எனக்கு ஒரு பாஸ் வாங்கித் தர அவருக்குத் தோன்றவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை. என் அலுவலகம் துறைமுக கேட்டுக்கு வெளியே பத்து நிமிஷ நடைதான். அவர் இறக்கிய சரக்குக்கு நான் பில் அடித்திருக்கிறேன். அவர் கையுறையைத் துவைத்திருக்கிறேன். அந்தக் கைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதில் ஒட்டியிருந்த கிரீஸ் மட்டும்தான்.

கல்மண்டபத்தில் இருபத்தேழு வருஷம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். போன வருஷம் வீட்டு ஓனர் இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டார். திருவொற்றியூரில், மகள் சுகந்தியின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, முதல் மாடியில் ஒரு வீடு பிடித்துக் குடிவந்தோம். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் பெரிய விஷயமாகப் போகிறது.

ஒரு திங்கட்கிழமை அவருக்குக் காய்ச்சலும் தலைவலியும். மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். மறுநாள் காலை ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே அவருடைய செருப்பு, ஜோடியாக, தயிருக்குப் பக்கத்தில்.

"இன்னாங்க இது, காலைலயே ஊத்திக்கினு வந்துட்டீங்களா?" என்றேன். அவர் குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அது தெரிந்தேதான் கேட்டேன், என் வாய் அப்படி.

அவர் கோபப்படவில்லை. சுற்றிலும் பார்த்தார். "இது யார் வூடு?" என்று கேட்டார்.

"உங்க மாமனார் வூடு" என்றேன்.

சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. மதியம் சுகந்தி வந்தபோது அவளை, செத்துப்போன தன் அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சுகந்திக்குத்தான் முதலில் பொறி தட்டியது. "அம்மா, நைனாவுக்கு ஏதோ ஆயிடுச்சு, வா போலாம்" என்றாள். ஆட்டோவில் போகும்போது தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் அவருக்கு வலிப்பு வந்துவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணி, கால் விறைத்து, என் மடியில் தலை தட்தட்டென்று அடித்தது. மாமனார் வீடு என்று நான் சொன்னதுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அரசு பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் இருந்து நரம்பியல் வார்டுக்கு மாற்ற ஒன்றரை நாள் ஆனது. எனக்கு ஒரு ரோஸ் நிற அட்டை கொடுத்தார்கள். மேலே நோயாளி பெயர், கீழே உடனிருப்பவர் பெயர், உறவு. அதைக் காட்டாமல் வாசல் செக்யூரிட்டி யாரையும் விடமாட்டார். ஒரு நோயாளிக்கு ஒரு அட்டை. நானும் சுகந்தியும் அதை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வெளியே ஒருத்தி, உள்ளே ஒருத்தியாக இருந்தோம். டீ வாங்கப் போனால்கூட அட்டை கையில் இருக்க வேண்டும். தாலியைக்கூட நான் அவ்வளவு தரம் தடவிப் பார்த்திருக்க மாட்டேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பார்த்தார்கள். முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்தார்கள். முதுகில் ஊசி என்றதும் நான் அழுதேன், கால் போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படி எதுவும் இல்லை. மூளையைச் சுற்றி இருக்கும் நீர்தான் முதுகு வரை இறங்கி வருகிறது, அதைச் சோதித்தால் மூளையில் என்ன கிருமி என்று தெரியும், அவ்வளவுதான். அவசியம் எடுக்க விடுங்கள், பயந்துகொண்டு தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாம் நாள் பெரிய டாக்டர் வந்து மூளைக் காய்ச்சல் என்றார். காய்ச்சல் வந்தால் சிலருக்கு உதட்டோரம் கொப்புளம் போடுமே, அதே வைரஸ்தான், அபூர்வமாகச் சிலருக்கு மூளைக்குள் போய்விடுமாம். மூன்று வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். உயிருக்குப் பயம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அந்த மனிதர் சுற்றி வளைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

இனி அந்தக் கைகள்.

நாலாம் நாள் அவர் கண் திறந்தார். பேச்சு குழறியது, ஆளைப் புரியவில்லை. வலது கையைத் தொங்கவிட்டு, ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டி, சின்னச் சின்ன வட்டமாகச் சுழற்ற ஆரம்பித்தார். அதுவும் வலிப்பாக இருக்குமோ என்று மறுபடியும் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், வலிப்பு இல்லை. சில நேரம் கை மேலே போகும், ஊசி பிடுங்கிக்கொண்டு ரத்தம் பீறிடும். ஒரு நாளில் மூன்று தரம் ஊசி இடம் மாற்றினார்கள். நான் கையைப் பிடித்து அமுக்கினால் என்னைத் தள்ளிவிடுவார், அவ்வளவு பலம். இடையிடையே இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் கோர்த்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்ப்பார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்று கெஞ்சுகிறார் என்று நினைத்தேன்.

"மருந்து நிக்கவே கூடாதும்மா. ரெண்டு மூணு நாள் கைய மெத்துன்னு கட்டி வைக்கலாம். உங்க சம்மதம் வேணும்" என்றார் நர்ஸ் சிஸ்டர். நல்ல பெண்தான். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, மருந்து நின்றிருந்தால் இன்று என் கணவர் உயிரோடு இருக்க மாட்டார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பஞ்சு வைத்துத் துணிப் பட்டையால் கட்டினார்கள். கட்டிய பிறகும் அந்த விரல் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் அப்படி. ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் சேவியர் வந்தார். ராயபுரத்துக்காரர், என் கணவரோடு இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த கிரேன் டிரைவர். சர்ச்சில் பூசை முடித்து வெள்ளைச் சட்டையோடு நேராக வந்திருந்தார். கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். அந்த விரலையே பார்த்தார். பிறகு அண்ணாந்து கம்பியில் தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தார்.

"அண்ணி, இவன் இறக்குன்றான்" என்றார்.

"இன்னாது?"

"லோடை இறக்குன்றான். தோ பாரு, வெரலு கீழ. அந்த பாட்டிலு அவனுக்கு லோடு. தலைக்கு மேல தொங்கிக்கினு கீது. ரெண்டு நாளா இறக்கு இறக்குன்றான், எவனும் பதிலு குடுக்கல."

எனக்கு விளங்கவில்லை. சேவியர் பாக்கெட்டில் இருந்து பைக் சாவியை எடுத்துக் கட்டில் கம்பியில் இரண்டு தரம் தட்டினார். டிங், டிங். அவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கமாம். கீழே கை காட்டியதை மேலே பார்த்துவிட்டேன் என்பதற்குக் கூண்டில் இருந்து இரண்டு தரம் மணி அடிப்பார்கள். அந்த இரண்டு மணி கேட்கும் வரை சிக்னல்மேன் கையை நிறுத்தவே மாட்டாராம்.

விரல் நின்றது.

அவர் கண்ணைத் திருப்பி சேவியரைத் தேடினார். ஆறு நாளில் முதல் முறையாக, குழறலாக இருந்தாலும் புரிகிற மாதிரி பேசினார். "இன்னா சேவியரு, மேல தூங்கிட்டியா?"

"ஆமா மாமு. கண்ணு அசந்துட்டேன்" என்றார் சேவியர். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "சிஸ்டர், அந்தக் கம்பிய ஒரு சாண் கீழ இறக்கு, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றார். அவரும் என்னவோ ஏதோ என்று இறக்கினார். பாட்டில் இறங்குவதை என் கணவர் கண்கொட்டாமல் பார்த்தார். கட்டிய கைகள் ஒன்றையொன்று தேடின. சேவியர் யாரையும் கேட்காமலே கட்டை அவிழ்த்தார். என் கணவர் இரண்டு கைகளையும் மார்புக்கு முன் கோர்த்தார்.

"இதத்தான் கெஞ்சறாருன்னு நெனச்சேன்" என்றேன்.

"கெஞ்சறதா? அப்டியே வை, எல்லாத்தையும் நிறுத்துன்றான் அண்ணி. நல்லாத்தானே வேல பாக்கறான்."

அப்புறம் கையைக் கட்டவில்லை. விரல் சுற்றினால் நான் வீட்டுச் சாவியால் கம்பியைத் தட்டினேன், அடங்கினார். அன்று கழிவறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வாய்விட்டு அழுதேன். தலைக்கு மேல் பாரம் தொங்குகிறது, இறக்குங்கள் என்று ஒரு மனிதர் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பாஷை தெரியாத பெண்டாட்டி அவர் கையைக் கட்டிப் போட்டாள்.

இரண்டாம் வாரம் காய்ச்சல் இறங்கியது. பேச்சு தெளிந்தது. என்னைத் தெரிந்தது, சுகந்தியைத் தெரிந்தது, எங்கள் கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு அதிகம் என்பதுகூட நினைவிருந்தது. பிழைத்துவிட்டார் என்று நான் வார்டுக்கே பிஸ்கட் கொடுத்தேன். நான் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து, "காலைலேர்ந்து ஒண்ணுமே குடுக்கலையே" என்றார். பெரிய டாக்டர் வந்துவிட்டுப் போவார், போனதும் "டாக்டரு எப்ப வருவாரு?" என்பார். புதிதாக எதுவும் உள்ளே தங்கவில்லை. வந்தது வந்த வழியே போய்விட்டது.

பயிற்சியில் இருந்த ஒரு பெண் டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஸ்கேன் படத்தைக் காட்டினாள். சுகந்தி வயதுதான் இருக்கும். காதுக்கு உள்பக்கமாக, மூளையின் இரண்டு ஓரத்திலும் சுருண்டு கிடந்த ஒரு சின்னப் பகுதியைத் தொட்டுக் காட்டினாள்.

"இது பாக்க கடல்குதிரை மாதிரி இருக்கும்மா, பேரே அதுதான். புதுசா நடக்கறதை எல்லாம் இதுதான் முதல்ல பதிஞ்சு வைக்கும். புது இடத்துக்கு வழி கத்துக்கறதும் இங்கதான். அந்த வைரஸ் நேரா இதைத்தான் அடிச்சிருக்கு. பழைய ஞாபகம் வேற இடத்துக்குப் போயிடும், அதனால அது இருக்கு. கைப்பழக்கம் எல்லாம் அதுக்கும் வேற இடம்."

காசிமேட்டில் வலையில் மாட்டிக் காய்ந்து கிடக்கும் கடல்குதிரையை நான் பார்த்திருக்கிறேன். விரல் நீளம்கூட இருக்காது. இவ்வளவுண்டு போனதற்கா இவ்வளவு பாடு என்று இருந்தது.

"போன செல்லு திரும்ப வளராதா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் தயங்கினாள். அந்தத் தயக்கத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். "மூளையில பெரும்பாலும் எங்கயும் புது செல் பிறக்காது. ஆனா இந்த இடத்துல ஒரு ஓரத்துல பிறக்குதுன்னு சொல்றாங்க. எலியில நல்லாவே பாத்திருக்காங்க. சக்கரத்துல ஓட விட்டா இன்னும் அதிகமாப் பிறக்குது. மனுஷங்களுக்கு, வளந்த பிறகும் பிறக்குதான்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டுதான் இருக்காங்க. ஒருத்தர் பிறக்குதுங்கறாங்க, ஒருத்தர் சின்ன வயசோட நின்னுடுதுங்கறாங்க."

"பொறக்குதுன்னே வச்சிக்குவோம். அறுபத்திரண்டு வயசுக்கு?"

"வயசாக வயசாகக் குறைஞ்சுக்கிட்டே போகும்மா. எலிக்கும் அப்படித்தான். புது செல்லா மாற வேண்டிய தாய் செல்லே கம்மியாயிடும், இருக்கறதும் சோம்பலாயிடும். பிறந்தாலும் எல்லாம் பிழைக்காது."

குறையும் என்றுதான் சொன்னாள், இல்லை என்று சொல்லவில்லை. நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எலிக்குச் சக்கரம் என்றால் எங்களுக்கு வார்டு காரிடார். காலையில் இருபது சுற்று, மாலையில் இருபது சுற்று அவரை நடக்க வைத்தேன். "இன்னாத்துக்குடி என்ன இப்டி ஓட்ற?" என்பார். "செல்லு பொறக்கணும், நடங்க" என்பேன். சுகந்தி மீன் குழம்பு கொண்டு வந்தாள், கீரை கொண்டு வந்தாள், வல்லாரையை யாரோ சொன்னார்கள் என்று அதையும் அரைத்துக் கொண்டு வந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மா தன் வீட்டுக்காரருக்கு வைத்திருந்த ஆரஞ்சில் பாதியை உரித்து இவர் கையில் கொடுப்பார். ஆளாளுக்கு அந்தக் கடல்குதிரைக்குத் தீனி போட்டோம்.

தினமும் காலையில் ஒரே பாடம் நடத்தினேன். "நம்ம வூடு இப்ப திருவொத்தியூர்ல. முதல் மாடி. கட்டில்லேர்ந்து எறங்கினா இடது பக்கம் படிக்கட்டு, அங்க போகக் கூடாது. வலது பக்கம் பாத்ரூம்." திருப்பிச் சொல்வார். கைதட்டுவேன். பத்து நிமிஷம் கழித்து வீடு எங்கே என்று கேட்டால், "கல்மண்டபத்துல கீது. இன்னா, உனக்கு மறந்துபோச்சா?" என்பார், என் மேல் இரக்கத்தோடு.

வீட்டுக்கு அனுப்பும் நாள் அந்தப் பெண் டாக்டர் வந்தாள். "எலி கதைய நான் உங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நீ சொல்லலன்னா இந்தப் பத்து நாளு நான் எதப் புடிச்சிக்கினு நின்னிருப்பேன்?" என்றேன். வாசலில் அட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. பர்ஸிலேயே தங்கிவிட்டது.

இப்போது வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கல்மண்டபத்து வீட்டில் கட்டிலை விட்டு இறங்கி இடது பக்கம் நடந்தால் பின்வாசல், அங்கேதான் குளியலறை. இந்த வீட்டில் இடது பக்கம் நடந்தால் செங்குத்தான படிக்கட்டு. அவர் காலுக்குப் பழைய வீடுதான் தெரியும். வந்த வாரமே நாலு படி உருண்டு நெற்றி பிளந்து தையல் போட்டோம். தையல் எதற்கு என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கதவில் 'இது படிக்கட்டு, போகாதே' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அவர் நின்று முழுவதும் படித்தார். பிறகு பதமாகக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் வேலையில் காகிதம் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் தெரியும். படிக்கு முன்னால் மரத் தடுப்பு போட்டோம், கொக்கியைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். அயர்ந்து தூங்க எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதர் ஒரே ஒரு புது விஷயத்தைக் கற்றுக்கொண்டால் போதும், இடது பக்கம் போகக் கூடாது என்பதை மட்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று எல்லாச் சாமியையும் கேட்டேன்.

சேவியர்தான் வழி சொன்னார். "நீ வாயால சொல்லாத அண்ணி. கையக் காட்டு. ரெண்டு கையும் பக்கவாட்டுல நீட்டி, உள்ளங்கை கீழப் பாக்க, இப்டி இப்டி வெட்டு. இது அவசர நிறுத்தம். இத எவன் காட்னாலும் நிக்கணும். பெருக்கற ஆளு காட்னாலும் கிரேனு நிக்கணும். அவன் ரத்தத்துல கீது அது."

படிக்கட்டின் முன் நின்று கையை நீட்டி வெட்டினேன். நின்றார், ஆணி அடித்த மாதிரி. ஏன் நின்றோம் என்று தெரியாது, ஆனால் நின்றார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைதோறும் சேவியர் எனக்குப் பாடம் எடுத்தார். விரல் மேலே சுற்றினால் தூக்கு, கீழே சுற்றினால் இறக்கு, இன்னொரு உள்ளங்கையை அதற்கு மேல் வைத்தால் மெதுவாக. ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு ஏறவே இல்லை. ஒரு நாள் சமைக்கும்போது அவர் விரல் மேலே சுற்றியது, நான் பாட்டுக்குச் சாவியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டேன். அன்று அவர் சாப்பிட வரவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார், கெஞ்சினாலும் திரும்பவில்லை. கடைசியில் சேவியருக்கு போன் போட்டேன்.

"தூக்குன்னான், நீ பதிலு குடுத்துட்ட, லோடு மேல ஏறிடுச்சு. அப்பாலிக்கா அவன் இறக்குன்னானா?"

"காட்னாரு. நான் அடுப்பாண்ட நின்னேன்."

"அந்தரத்துல லோடை வுட்டுட்டு எவன் சோறு துன்னப் போவான்? போயி ரெண்டு தட்டு தட்டு, போ."

தட்டினேன். இறக்கினார். கைகளைக் கோர்த்தார். வந்து உட்கார்ந்து ரசம் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

புது செல் பிறக்கிறதா இல்லையா என்று நான் இப்போது யாரையும் கேட்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெரிய டாக்டரிடம் போகிறோம். இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்கு இந்த வீடு தெரியப் போவதில்லை. சுகந்தியின் வயிற்றில் ஐந்து மாதம். அந்தக் குழந்தையை இவர் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பார், யார் குழந்தை என்று கேட்பார். கற்றுக்கொள்ள வேண்டியது அவர் என்று நினைத்துத்தான் மல்லாடினேன். கற்றுக்கொள்ள வேண்டியவள் நானாகிவிட்டேன். என் கடல்குதிரைக்கும் வயதாகிவிட்டது, இருந்தாலும் ஆறு சைகை ஏறியிருக்கிறது.

நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கீழ்வீட்டு அம்மாவை இவருக்குத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து படி ஏறும்போது பாதியில் நிமிர்ந்து பார்த்தால், மேல்படியில் அவர் நிற்கிறார். அந்த அம்மா பின்னால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார். அவர் இரண்டு கைகளையும் நீட்டி வெட்டினார். அவசர நிறுத்தம். நான் நின்றுவிட்டேன். ஒரு கையில் காய்கறிப் பை, ஒரு கையில் சாவி.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. "கோமளா? நீ இன்னாத்துக்கு இங்க வந்த? யாரு உன்ன உள்ள வுட்டது?"

அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"வேல பாக்கறத பாக்கலாம்னு வந்தேன்" என்றேன்.

"பாஸ் கீதா?"

பையைக் கீழே வைத்தேன். பர்ஸில் இருந்து அந்த ரோஸ் அட்டையை எடுத்து, இரண்டு படி ஏறி, நீட்டினேன். வாங்கி, தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். தனசேகர். உடனிருப்பவர், கோமளா. உறவு, மனைவி. திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பிறகு என்னிடமே கொடுத்தார்.

"சரி, ஓரமா நில்லு. தலைக்கு மேல லோடு வருது."

சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. விரல் கீழே சுற்றியது, ஒரே அளவாக, ஒரு நடுக்கம் இல்லாமல். மற்ற உள்ளங்கை அதற்கு மேல் வந்தது. மெதுவாக, மெதுவாக என்று சொல்கிறார், கீழே நான் நிற்கிறேன் அல்லவா. நான் கைப்பிடிக் கம்பியில் சாவியால் இரண்டு தரம் தட்டினேன். முப்பத்து மூன்று வருஷத்தில் என் வீட்டுக்காரர் வேலை செய்வதை முதல் தடவையாகப் பார்த்தேன். எவ்வளவு அழகாகச் செய்கிறார்.

லோடு இறங்கி முடிந்து அவர் கைகளைக் கோர்க்கும் வரை நின்றேன்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேங்க."

இன்று காலை கேட்டேன், அவருக்கு நான் வந்தது நினைவில்லை. அட்டையைப் பர்ஸில் இருந்து எடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். உள்ளே கட்டில் சத்தம் கேட்கிறது, எழுந்துவிட்டார்.